சிறிய ஊர், சிறிய கூடம், வருடத்துக்கு ஆறு கச்சேரி

வாசகர் கேள்வி பதில்

நூறு பேருக்குள் உட்காரும் கூடத்தில் கர்நாடக சங்கீதக் கச்சேரி நடத்துகிறவர்களும் நடத்த நினைப்பவர்களும் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தோம். மைக், சன்மானம், தனி ஆவர்த்தனத்தில் (மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதியில்) எழுந்து போகிறவர்கள் என்று மூன்று விஷயங்கள்தான் பெரும்பாலான கடிதங்களில். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: 40 அடி நீளம், 26 அடி அகலம், 13 அடி உயரத்தில் ஒரு கல்யாணக் கூடம் கிடைக்கிறது. மைக் இல்லாமல் நடத்த ஆசை. ஆனால் சாதாரணமாகப் பேசினாலே எதிரொலிக்கிறதே? (வாசகர், மன்னார்குடி)

பதில்: காலிக் கூடத்தில் நின்று பேசிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். டைல்ஸ் தரையும் சிமென்ட் பூச்சும் ஒலியை அநேகமாக அப்படியே திருப்பி அனுப்பும். மனிதர்கள் வந்து உட்கார்ந்தால் கதை மாறும். உங்கள் கூடத்தின் கன அளவு சுமார் 383 கன மீட்டர். இதை 0.161 ஆல் பெருக்கி, கூடம் மொத்தமாக உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், எழுந்த ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று தெரியும். காலியாக இருக்கும்போது தரை, சுவர், கூரை எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவது தோராயமாக 15 சதுர மீட்டர். ஆகவே ஒலி அடங்க 4 விநாடி. உட்கார்ந்திருக்கும் ஒருவர் உறிஞ்சுவது சுமார் 0.45 சதுர மீட்டர். 80 பேர் வந்தால் மொத்தம் 51, விநாடி 1.2 ஆகக் குறையும். பாட்டுக்கு இது அருமையான அளவு. 30 பேர்தான் வந்தார்கள் என்றால் 2.2 விநாடி. ஆலாபனை அப்போதும் கேட்க சுகமாகத்தான் இருக்கும். துரித கால ஸ்வரம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும். கூட்டம் எவ்வளவு வரும் என்று நிச்சயம் இல்லாத ஊரில் திரை வாங்கி வைப்பது அதற்குத்தான்.

அடுத்து, கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். தட்டிய ஒலி 'டர்ர்ர்' என்று நடுங்கிக்கொண்டே போனால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். நாலு சுவரையும் மூட வேண்டியதில்லை. எதிரெதிராக இருக்கும் இரண்டில் ஒன்றை மூடினால் போதும். கனத்த துணியில், சுவரின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு எடுத்து, மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள். துணியை இழுத்துப் பிடித்துச் சுவரோடு ஒட்டினால் பாதிப் பலன்கூட இராது. தரையில் விரிக்கும் ஜமக்காளம் உட்காருவதற்குத்தான். பவானியிலிருந்தே வாங்கி வந்தாலும் எதிரொலியை அது பெரிதாகக் குறைக்காது.

பாடகர்களுக்குப் பின்னால் மட்டும் திரை வேண்டாம். அந்தச் சுவர் வெறுமையாக இருந்தால்தான் பின்னால் போகும் குரல் சபையின் பக்கம் திரும்பும். மேடையைக் கூடத்தின் கோடியில் போடாமல் 40 அடிச் சுவரின் நடுவில் போடுங்கள். 12 அடிக்கு 8 அடி, உயரம் ஒன்றரை அடி போதும். முன்னால் ஜமக்காளத்தில் 25 பேர், மூன்று பக்கமும் வளைத்து நாற்காலி போட்டால் எதிரே இருக்கும் கடைசி வரிசைகூட மேடையிலிருந்து 18 அடிக்குள் வந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலியாக இருந்தால் கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டுவிடுங்கள். டைல்ஸில் ஒரு நாற்காலி நகரும் ஓசை மைக் இல்லாத கச்சேரியில் எவ்வளவு பெரியது என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

கேள்வி: மைக் இல்லாமல் நடத்தியபோது மிருதங்கம் மட்டும்தான் கேட்டது. வயலின் காணாமலே போய்விட்டது. என்ன தவறு? (வாசகி, காரைக்குடி)

பதில்: முதலில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்பது வழக்கம். வலக்கைக்காரர் அப்படி உட்கார்ந்தால் வலந்தலை, அதாவது மிருதங்கத்தில் சுருதி சேர்க்கும் தலை, நேராகச் சபையைப் பார்க்கும். மைக் உள்ள மேடையில் அது அழகு. சின்னக் கூடத்தில் அதுவே உங்கள் பிரச்சினை. மிருதங்க வித்வானை ஒன்றரை அடி பின்னால் தள்ளி, பாடகர் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். வயலினை அதே அளவு முன்னால் கொண்டு வாருங்கள். மேடை மரப்பலகையாக இருந்தால் மிருதங்கத்துக்குக் கீழே இரண்டு கனத்த விரிப்பு போடுங்கள். இல்லாவிட்டால் பலகையே இன்னொரு தொப்பியாக (மிருதங்கத்தின் மற்றத் தலையாக) அதிரும்.

இரண்டாவது, மைக் இல்லாத கச்சேரி என்று வித்வானிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். மேடை ஏறிய பிறகு 'கொஞ்சம் மெதுவாக' என்று சைகை காட்டுவது மரியாதையும் இல்லை, பலிக்கவும் பலிக்காது. சிறிய இடத்துக்கு வாசிக்கும் விரல் வேறு. நல்ல வித்வான்கள் அதை விரும்பியே செய்வார்கள். பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் மைக் வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர். எண்பது பேர் கூடத்தில் கடமும் கஞ்சிராவும் கூடவே வேண்டாம். ஒரு தாளவாத்தியம் போதும்.

இடக்கை வித்வான் வருகிறார் என்றால் வலந்தலை சபையைப் பார்க்க அவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். அப்போது வயலினும் இடம் மாறும். பழனி சுப்ரமணிய பிள்ளை காலத்திலிருந்தே இது சில வயலின்காரர்களுக்குச் சங்கடம். தேதி பேசும்போதே இருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கூடம் பெரியது, 250 பேர். மைக் இல்லாமல் முடியாது. சவுண்டு சர்வீஸ்காரரிடம் என்ன சொல்லி வைக்க வேண்டும்?

பதில்: முதல் வாக்கியம்: 'எக்கோவை அணைத்துவிடுங்கள்.' மெல்லிசை மேடைக்கு வைத்த எக்கோ அப்படியே கிடக்கும். ஆலாபனையின் ஒவ்வொரு கமகமும் (ஸ்வரத்தின் அசைவும்) இரண்டாகக் கேட்கும். அடுத்து, நாலு மைக் போதும்: குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் இரு தலைக்கும் ஒவ்வொன்று. தம்புராவுக்குத் தனி மைக் வேண்டாம். குரல் மைக்கில் விழுவதே போதும். ஸ்பீக்கர்கள் மேடையின் முன்விளிம்பைவிட இரண்டு மூன்று அடியாவது சபைப் பக்கம் தள்ளி இருக்கட்டும். பின்னால் போனால் ஒலி மறுபடி மைக்கில் நுழைந்து 'கீ...' என்று கத்தும். அப்படிக் கத்தும்போது எல்லாக் குமிழையும் குறைக்காமல், எந்த மைக் என்று கண்டுபிடித்து அதை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

ஒலிச் சோதனைக்குக் குரலும் மிருதங்கமும் சேர்ந்து பத்து நிமிடம் வேண்டும். 'ஹலோ, ஒன், டூ' வைத்து மிருதங்கத்துக்கு அளவு வைக்க முடியாது. கச்சேரி தொடங்கிய பிறகு, விளக்கேற்றியவர், செயலாளர், செயலாளரின் மைத்துனர் என்று ஆளுக்கு ஒரு சைகை காட்டாமல் ஒரே ஒருவர் மட்டும் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து அளவு சொல்லட்டும்.

கேள்வி: ஏசி போட்டோம். பாதிக் கச்சேரியில் மிருதங்கம் சுருதி விலகி, வித்வான் ஒவ்வொரு பாட்டுக்கும் கல்லால் தட்டிக்கொண்டே இருந்தார். ஏசியே கூடாதா?

பதில்: கூடும். ஏசியால் வந்த கோளாறு பாதி, அதை எப்போது போட்டீர்கள் என்பதால் வந்தது பாதி. வலந்தலை தோல். காற்று வறண்டால் தோல் இறுகிச் சுருதி ஏறும். ஈரம் கூடினால் தளர்ந்து இறங்கும். ஆறு மணிக் கச்சேரிக்கு ஐந்தே முக்காலுக்கு ஏசி போட்டால், தட்டிச் சேர்த்த சுருதி அடுத்த ஒரு மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். நாலு மணிக்கே கதவை மூடிப் போடுங்கள். வித்வான்கள் அதே கூடத்தில், அதே குளிரில் சுருதி சேர்க்கட்டும். வெளியே வராந்தாவில் சேர்த்துக்கொண்டு உள்ளே வந்தால் பிரயோஜனமில்லை. காற்று நேரே வாத்தியத்தின்மேல் விழாமல் ஏசியின் தகட்டைத் திருப்பிவிடுங்கள்.

கூட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். 80 பேர் என்றால் 8 கிலோவாட். இதை இழுக்கவே இரண்டேகால் டன் ஏசி வேண்டும். வெயில் பட்ட கூரையின் சூடு தனி. கூடத்தில் ஒன்றரை டன் ஏசி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது தோற்கத்தான் போகிறது. ஏழு மணிக்கு ஈரமும் சூடும் ஏற, மிருதங்கம் தளரும். அதற்கு மின்விசிறியே மேல். மேடைக்கு நேர் மேலே இருக்கும் விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். மேடையில் ஹாலஜன் விளக்கு வேண்டாம். அந்தச் சூட்டிலும் தோல் இறுகும்.

தொப்பியில் ரவை பூசுவதற்கு ஒரு கிண்ணம் தண்ணீர், கை துடைக்கத் துணி, அரை மணி நேர அமைதி. இந்த மூன்றையும் வித்வான் கேட்காமலே தயாராக வைத்திருங்கள்.

கேள்வி: ஒரே மாலையில் உள்ளூர் மாணவர் ஒருவரும் பிறகு சென்னையிலிருந்து வரும் பாடகியும் பாடுகிறார்கள். ஒரே மிருதங்க வித்வானை இருவருக்கும் வாசிக்கச் சொன்னால் செலவு குறையுமே?

பதில்: வித்வான் ஒருவர் போதும், மிருதங்கம் இரண்டு வேண்டும். சுருதியைக் கட்டையால் அளப்பது வழக்கம்: ஆண் குரல் பெரும்பாலும் 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்குள். பெண் குரல் நாலரையிலிருந்து 6 கட்டைக்குள். முதலாவதற்கு எச்சுச் சுருதி மிருதங்கம், அடுத்ததற்கு அளவில் பெரிய தக்குச் சுருதி மிருதங்கம். தோலை இறுக்கும் வாரை இழுத்து ஒன்றை மற்றொன்றாக்க முடியாது; ஒலி செத்துவிடும், இல்லாவிட்டால் தோலே கிழியும். பாடகர்களின் கட்டையைக் கேட்டு வித்வானிடம் முன்பே சொல்லுங்கள். இரண்டு மிருதங்கத்தோடு பஸ்ஸில் வரச் சொல்வது நியாயமில்லை. காருக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

வயலினைச் சுருதி மாற்றிச் சேர்க்கப் பத்து நிமிடம் ஆகும். தந்தி நிலைக்க இன்னும் கொஞ்ச நேரம். இரண்டு கச்சேரிக்கும் நடுவில் இருபது நிமிட இடைவெளி விடுங்கள். மாணவர் கச்சேரியை 45 நிமிடத்தில் முடிக்காவிட்டால் மாலை முழுவதும் கெட்டுவிடும்.

கேள்வி: ஆறு கச்சேரியை எந்தெந்த மாதங்களில் வைப்பது? (வாசகர், தேவகோட்டை)

பதில்: மார்கழியை விட்டுவிடுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து கலைஞர்கள் எல்லோரும் சென்னையில். ஜனவரியில் திருவையாறு ஆராதனையும் அதையொட்டி ஊர் ஊராக நடக்கும் ஆராதனைகளும். அக்டோபர், நவம்பரில் மழை. மார்ச்சில் பள்ளிப் பொதுத்தேர்வு என்பதால் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எட்டிப் பார்க்காது. மிச்சம் இருப்பதில் பிப்ரவரி, மே, ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல மாதங்கள். எல்லாவற்றிலும் நல்லது ஆடி. கல்யாணம் இல்லை, மண்டபம் காலி, வாடகை பேசலாம். ஆடியில் இரண்டு கச்சேரி வைத்தாலும் தப்பில்லை. முகூர்த்த நாள் அட்டவணையைப் பார்க்காமல் தேதி குறித்து, பக்கத்து மண்டபத்து நாதஸ்வரத்தோடு மோத வேண்டாம்.

நேரம் மாலை ஆறிலிருந்து எட்டரை. சுற்றுக் கிராமங்களுக்குக் கடைசிப் பஸ் எப்போது என்று பார்த்து, அதற்கு அரை மணி முன்னால் மங்களம் வரும்படி வையுங்கள். பஸ்ஸை விட்டுவிட்டு அவதிப்பட்டவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

கேள்வி: சன்மானம் பேசுவதில் எப்போதும் மனக்கசப்பு. ஒழுங்கான முறை என்ன?

பதில்: கசப்பு பெரும்பாலும் தொகையால் வருவதில்லை, தெளிவில்லாததால் வருகிறது. பாடகர் சொல்லும் தொகை அவருக்கு மட்டுமா, செட்டுக்கா? இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பிறகு அவதிப்படுகிறவர்கள் அநேகம். செட்டுக்கு என்றாலும் பக்கவாத்தியக்காரர்களுக்கு எவ்வளவு என்று கேட்டு, தனித்தனி உறையில் நீங்களே கையில் கொடுங்கள். பிறகு அனுப்பி வைக்கிறோம் என்ற பேச்சே வேண்டாம். மங்களம் முடிந்து அரை மணிக்குள் பணம் போய்ச் சேர வேண்டும்.

பேசி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, சரி என்ற பதிலை வாங்குங்கள். தேதி, கச்சேரி எத்தனை மணி நேரம், யார் யார் பக்கவாத்தியம், மைக் உண்டா இல்லையா, சன்மானம், எந்த வகுப்பில் பயணம், டிக்கெட் யார் எடுப்பது, எத்தனை அறை, பதிவு செய்யலாமா, கச்சேரி ரத்தானால் என்ன செய்வது. சாப்பாடும் இதில் சேரும். பாடுகிறவர்கள் பலர் நாலு மணிக்கு இலேசாகச் சாப்பிட்டுவிட்டு, கச்சேரி முடிந்துதான் சாப்பிடுவார்கள். இரவு ஒன்பதரைக்குச் சின்ன ஊரில் ஓட்டல் மூடியிருக்கும். டிபன் சூடாக இருக்கும்படி யாராவது ஒருவர் வீட்டில் சொல்லி வையுங்கள். மேடையில் வெந்நீர் பிளாஸ்க், ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர்.

இன்னொன்று. ஆறு கச்சேரிக்கும் பணம் கையில் வந்த பிறகே முதல் கச்சேரியை அறிவியுங்கள். இலவசம் என்று வைத்தால் மழைத்தூறல் விழுந்தால்கூட ஆள் வராது. குடும்பத்துக்கு ஒரு பருவச் சீட்டு என்று சிறிய தொகையாவது வாங்கினால் குடை பிடித்துக்கொண்டு வருவார்கள்.

கேள்வி: தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிச் சபை எழுந்து காபிக்குப் போகிறது. என்ன செய்யலாம்? (பல வாசகர்கள்)

பதில்: காபியைத் தனிக்கு முன்போ தனியின்போதோ கொடுக்கிற சபாக்கள் இதைக் கேட்பது வேடிக்கை. ஆறு மணிக்கு முன்பே கொடுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடுங்கள். இரண்டரை மணிக் கச்சேரியில், வர்ணம் எட்டுப் பத்து நிமிடம், பிறகு மூன்று நான்கு கிருதிகள், ஏழு மணி தாண்டியதும் மெயின் (கச்சேரியின் முக்கியப் பாட்டு) என்று வைத்தால் தனி ஏழே முக்காலை ஒட்டி வரும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த வரிசையில் தனிக்குப் பிறகும் விருத்தம், துக்கடா (சிறு பாட்டு) என்று மனசுக்கு இனியவை உண்டு. எழுந்து போகிறவர் அதற்கும் சேர்த்துத்தான் போய்விடுகிறார். பாடகரிடம் முன்பே கேட்டு, தனிக்குப் பிறகு வரப்போகும் ஒரு தமிழ்ப் பாட்டின் பெயரை நுழைவுத் தாளில் அச்சிடுங்கள். அதற்காகவே உட்காருவார்கள்.

சின்னக் கூடத்தில் இதைவிட நல்ல வழி உண்டு. அதே தாளில், அன்றைய மெயின் ஆதி தாளம் என்றால் எட்டு அட்சரத்தை எப்படிப் போடுவது என்று இரண்டு வரி எழுதுங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கை எழுந்து போகாது. கடைசியில் மோரா (முடிவை அறிவிக்கும் சொற்கட்டு) வந்து, கோர்வை (முடிப்புச் சொற்கட்டு) மூன்று முறை சுழன்று, பாட்டு எடுத்த இடத்தில் வந்து விழும்போது தாளம் விடாமல் போட்டவர் முகத்தைப் பாருங்கள்.

பொன்னாடை கச்சேரி முடிந்த பிறகு, மொத்தம் ஐந்து நிமிடம். மெயினுக்கு முன்னால் நிறுத்திச் சிறப்பு விருந்தினரைப் பேச விட்டால் குரல் ஆறிவிடும், மிருதங்கம் இறங்கிவிடும், சபையும் கலைந்துவிடும்.

கேள்வி: எங்கள் மலை ஊருக்கு ஐரோப்பிய வாத்திய நால்வர் குழு ஒன்று வருகிறது. கர்நாடகக் கச்சேரி மட்டுமே நடத்திப் பழக்கம். என்ன ஏற்பாடு மாறும்?

பதில்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மைக் வேண்டவே வேண்டாம். உங்கள் சின்னக் கூடம் இந்தச் சங்கீதத்துக்கென்றே கட்டியதுபோல இருக்கும். மேடையில் 10 அடிக்கு 10 அடி. கைப்பிடி இல்லாத, இருக்கை சமமாக உள்ள, ஆடாத நாற்காலி நாலு. கைப்பிடி இருந்தால் வில் இடிக்கும். தாள் வைக்கும் ஸ்டாண்டு நாலு, அதில் வெளிச்சம் விழ வேண்டும். அவர்கள் எழுதியதைப் பார்த்து வாசிப்பவர்கள். மின்விசிறியைப் போட்டீர்களானால் தாள் பறக்கும். துணி உலர்த்தும் கிளிப் பதினாறு வாங்கி வையுங்கள். செல்லோவின் அடியில் நீண்ட முள் ஒன்று தரையில் ஊன்றும். டைல்ஸில் அது வழுக்கும். கனத்த விரிப்போ, நாற்காலிக் காலோடு கட்டிய ஒரு பலகையோ வேண்டும்.

ஒரு கிருதி பெரும்பாலும் நாலு பகுதியாக, நடுவில் சில விநாடி மௌனத்தோடு போகும். நாலும் முடிந்த பிறகே கைதட்டுவது வழக்கம். நம்மவர்கள் நல்ல இடத்தில் 'பலே' சொல்லிப் பழகியவர்கள். தொடங்கும்முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நடுவில் தட்டினாலும் குற்றமில்லை, அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வயலின் நம்மிடம் வந்ததே இந்தப் பக்கத்திலிருந்துதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார் என்பதை அறிமுகத்தில் சொன்னால் சபை நிமிர்ந்து உட்காரும்.

கேள்வி: கச்சேரியைப் பதிவு செய்து யூடியூபில் போடலாமா? பாட்டுக்கு உரிமை வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டு உரிமை இருக்கிறது. பாட்டை இயற்றியவருக்குள்ள உரிமை, அவர் மறைந்து 60 வருடம்வரை. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளின் கிருதிகளுக்கும் பாரதி பாடல்களுக்கும் இந்தக் கவலை இல்லை. பாபநாசம் சிவன் 1973 இல் மறைந்தார். அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. பெரியசாமித் தூரன் மறைந்தது 1987 இல், ஆகவே அவர் பாடல்களுக்கு உரிமை அதற்கும் பிறகுவரை. இரண்டாவது, பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் உள்ள நிகழ்த்துநர் உரிமை. பாடகர் சரி என்றால் போதாது. வயலின், மிருதங்கம் என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். முன்னே சொன்ன வாட்ஸ்அப் செய்தியில் அது ஒரு வரி.

கேள்வி: நடுவில் மின்சாரம் போனால்?

பதில்: மைக் இல்லாத கச்சேரி என்றால் பாட்டு நிற்காது. எலெக்ட்ரானிக் தம்புராவில் பேட்டரி போட்டிருக்கிறதா என்று மட்டும் ஐந்தரைக்குப் பாருங்கள். பேட்டரி விளக்கு இரண்டு, ஒன்று மேடைக்கு, ஒன்று வாசற்படிக்கு. ஜெனரேட்டரை ஓட்ட யாரும் ஓட வேண்டாம். அதன் சத்தம் இருட்டைவிட மோசம்.